போட்டோ ஃபைல் சைஸைக் குறைக்க: அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்குங்கள்

மெயிலில் அனுப்பவோ விண்ணப்பத்தில் ஏற்றவோ போட்டோ பெரிதாக இருந்தால், விண்டோஸில் உள்ள பெயின்ட்டிலேயே திறந்து, ரீசைஸில் 50 சதவீதம் கொடுத்து, ஜேபெக் (.jpg) ஆக வேறு பெயரில் சேமியுங்கள். தனி ஆப் எதுவும் தேவையில்லை.

படம் என்பது கம்ப்யூட்டருக்கு வெறும் புள்ளிகள்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். 4000 x 3000 படத்தில் 1.2 கோடி புள்ளிகள். அப்படியே எழுதினால் 36 எம்பி. ஜேபெக் அதைச் சுருக்கித்தான் சில எம்பிக்குள் அடக்குகிறது. இரண்டு பக்கமும் பாதியானால் புள்ளிகள் 30 லட்சம், அதாவது கால்வாசி. ஃபைலும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கும். (டிபிஐ, அதாவது பிரின்ட்டில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்ணை மட்டும் மாற்றிவிட்டு ஏன் குறையவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண்ணை மாற்றினால் மட்டும் படத்தின் புள்ளிகள் குறைவதில்லை, அதனால் ஃபைலும் குறையாது.)

4 x 6 அங்குலப் பிரின்ட்டுக்கு 1800 x 1200 போதும் என்பதால், பாதியாக்கிய படமும் ஆல்பத்துக்குத் தாங்கும். ஃபிளெக்ஸ், பெரிய ஃபிரேம், ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுப்பது போன்றவற்றுக்கு இது ஆகாது. எழுத்துள்ள ஸ்கிரீன்ஷாட்டை ஜேபெக் ஆக்கினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியும். அதை விவரம் இழக்காமல் சேமிக்கும் பிஎன்ஜியாகவே (.png) விட்டுவிடுங்கள். ஒரிஜினலை மட்டும் அழிக்காதீர்கள், சிறிதாக்கிய படத்தைத் திரும்பப் பெரிதாக்கினால் போன விவரம் வராது.