முட்டம் பாறைகளில் லிம்பெட் கணக்கெடுப்பது எப்படி?

கடற்கரைப் பாறையில் பாசியைச் சுரண்டித் தின்னும் லிம்பெட் (கூம்பு வடிவ ஓட்டு நத்தை) போன்ற நத்தைகள் ஓரிடத்தில் அப்பிக் கிடக்கும், நாலடி தள்ளிப் பார்த்தால் ஒன்றுகூட இருக்காது. வெயிலும் அலையும் பாறையின் உயரமும் செய்கிற வேலை இது. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் போன்ற பாறைக்கரையில் இதை நீங்களே அளந்து பார்க்கலாம்.

அரை மீட்டர் நீள, அகலத்தில் பிவிசி குழாயால் ஒரு சதுரச் சட்டம், ஸ்கேல், பாறையைத் தொடாமல் சூடு பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி, பென்சில், நோட்டு. இவ்வளவு போதும்.

படி 1: நாள் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும். இந்தக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். அதனால் பாறை எதுவரை நனையும் என்பதில் அலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை போகவே வேண்டாம். காற்றில்லாத நாளிலும் கள்ளக்கடல், அதாவது தொலைவில் கிளம்பி வரும் பெரிய அலை, திடீரென ஏறும். கடல் நிலையை முன்னறிவிக்கும் அரசு மையமான இன்காய்ஸின் எச்சரிக்கையைப் பார்க்காமல் பாறையில் கால் வைக்காதீர்கள்.

படி 2: ஒரே பாறையில் வெயில் படும் பக்கம், நிழல் பக்கம் இரண்டையும் ஒரே உயரத்தில் தேர்ந்தெடுங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல ஒப்பீடு கிடையாது. உயரமும் சேர்ந்து மாறினால் எது காரணம் என்று சொல்ல முடியாது.

படி 3: நத்தை நிறைய இருக்கும் இடமாகப் பார்த்துச் சட்டத்தை வைக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கி வரும் எண்ணுக்கு அத்தனை அடி நடந்து அங்கே வையுங்கள். பாறையின் சூடு, பாசி மூடிய பங்கு, நத்தைகளின் எண்ணிக்கை என்று குறியுங்கள். வெடிப்புகளுக்குள்ளும் பாருங்கள், பகல் சூட்டில் நெரைட்டுகள் (உருண்டை ஓட்டு நத்தைகள்) அங்கேதான் ஒதுங்கும். லிம்பெட்டைப் பெயர்க்கவே வேண்டாம். பல இனங்கள் மேய்ந்துவிட்டுத் தன் பழைய இடத்துக்கே திரும்பும். அந்த இடத்துப் பாறையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஓட்டின் விளிம்பு தேய்ந்திருப்பதால்தான் உள்ளே ஈரம் நிற்கிறது. இருந்த இடத்திலேயே ஓட்டின் நீளத்தை அளந்துவிடுங்கள்.

படி 4: சரி, வெயில் பக்கம் எண்ணிக்கை குறைவா? உடனே சூட்டின்மேல் பழி போடாதீர்கள். பாசியும் காய்ந்திருந்தால் தீனியும் இல்லை என்று அர்த்தம். குஞ்சு ஓடுகளே தென்படாவிட்டால், கடலில் மிதந்து வரும் இளம் உயிரிகள் அண்மையில் அங்கே வந்து ஒட்டவில்லையோ என்று யோசியுங்கள்.

பாசியைப் பதிவு செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1967இல் இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே டோரி கேன்யன் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. அதை அகற்றத் தெளித்த ரசாயனத்தால் லிம்பெட்டுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மேய ஆளில்லாமல் பாறைகளைப் பச்சைப் பாசி மூடிக்கொண்டது.

படி 5: பருவமழைக்கு முன்பும் பின்பும் அதே பாறைக்குப் போய் அதே உயரத்தில் திரும்ப எண்ணுங்கள். அந்தப் பருவத்தில் வந்த மாற்றம் அப்போதுதான் தெரியவரும்.