பத்து ஃபிரிங்கிக் கடற்கரையை நீர்வண்ணத்தில் தீட்டும் முறை

பினாங்கின் வடகரையில் ஆளரவமற்ற காலைக் கடற்கரையை இம்ப்ரஷனிஸ பாணியில், அதாவது நுணுக்கங்களை விட்டு ஒளியையும் நிறத்தையும் சிறு தீற்றல்களால் பிடிக்கும் முறையில், தீட்ட விரும்புவோர் முதலில் அஞ்சலட்டை நீலத்தை மறந்துவிட வேண்டும். பத்து ஃபிரிங்கியில் கடல் பல நாள்களில் வண்டல் கலந்து, சாம்பல் பூத்த பச்சையாகவே தெரியும். அந்த மங்கல் நிறமே இப்பாணிக்குத் தோதானது என்பேன்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள, சற்றே சொரசொரப்பான நீர்வண்ணத் தாளைப் பலகையில் நாடாவால் ஒட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய தாள் நீர் பட்டதும் மேடுபள்ளமாக எழும்பிவிடும் என்பதால், வண்ணத்தில் சிக்கனம் பார்த்தாலும் தாளில் பார்க்காதீர்கள். அல்ட்ராமரின் (அடர்நீலம்), செருலியன் நீலம் (வான்நீலம்), எல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) ஆகிய நான்கும் போதும். கறுப்பு தேவையில்லை; 1874-இல் பாரிஸில் தங்கள் முதல் குழுக் கண்காட்சியை நடத்திய இம்ப்ரஷனிஸ ஓவியர்களும் நிழலைப் பெரும்பாலும் நீலமும் ஊதாவும் கொண்டே காட்டினார்கள்.

பென்சிலால் அடிவானத்தையும் பாறைகளின் விளிம்பையும் மட்டும் இட்டபின், வானப்பகுதி முழுவதையும் நனைத்து, மேலே செருலியனையும் கீழே நீர்த்த ஓக்கரையும் பரவவிடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் தாள் மெதுவாகவே காயும். குளிர்நாட்டுப் பயிற்சி நூல்கள் சொல்லும் நிமிடக் கணக்கு இங்கே செல்லாது. ஆகவே பலகையைக் கண்மட்டத்துக்கு உயர்த்திச் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு இருந்தால் நீர் இன்னும் தேங்கியிருக்கிறது. பளபளப்பு அடங்கி, புறங்கைக்குக் குளிர்ச்சி மட்டும் தெரியும் நிலையில், மேகத்தின் அடிப்பகுதியைக் கெட்டியான வண்ணத்தால் தொடலாம். அப்போது தூரிகையில் நீர் மிகுந்திருந்தால், அது பாதி காய்ந்த வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் ஓரம்போன்ற கறையை விட்டுவிடும்.

கடலை ஒரே பூச்சாக நிரப்பாமல், பச்சை கலந்த சாம்பலையும் வெளிர்நீலத்தையும் சிறுசிறு கிடைத்தீற்றல்களாக அருகருகே வைத்து, இடையிடையே தாளின் வெண்மையை விட்டுவையுங்கள். உலர்ந்த தூரிகையைப் படுக்கவைத்து இழுத்தால், தாளின் மேடுகளில் மட்டும் வண்ணம் பட்டு, வெளிச்சம் தெறிக்கும் அலைகள் தாமே உருவாகும். அலை வழிந்த ஈரமணலில் வானத்தின் நிறமே தெரியும். உலர்மணலுக்கு ஓக்கர் போதும்.

கருங்கற் பாறைகளுக்கு அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் தட்டில் முழுதாகக் கலக்காமல் தாளிலேயே சந்திக்கவிடுங்கள். அல்ட்ராமரின் துகள்கள் தாளின் பள்ளங்களில் படிந்து, கல்லின் சொரசொரப்பைக் காட்டிவிடும். வடக்கு நோக்கி அமர்ந்தால் காலை வெயில் வலப்புறமிருந்து வரும் என்பதால், பாறைகளின் இடப்பக்கமே நிழலாக இருக்க வேண்டும். மனித உருவம் வேண்டுமென்றால் தொலைவில் ஒன்று போதும். அதற்கு முகம் வரையாதீர்கள்.

தாள் முற்றிலும் காய்ந்தபின்னரே நாடாவை ஓவியத்துக்கு வெளிப்புறமாகச் சாய்த்து உரியுங்கள். ஈரம் இருந்தால் தாளின் மேல்தோலும் சேர்ந்து கிழியும்.