அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் மக்கள்தொகைக் கணக்கைப் படிக்கும் முறை

நெப்ராஸ்கா மாநிலத்தின் மொனோவை என்னும் ஊரில் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது வாழ்ந்தவர் ஒரே ஒருவர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போ அங்கே இருவர் வாழ்வதாக வெளியிட்டது. புதிதாக எவரும் குடியேறவில்லை. தனிமனிதரின் விவரம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, மாநில மொத்தங்களுக்குக் கீழுள்ள எண்களில் கணக்கெடுப்புத் துறை வேண்டுமென்றே சிறு மாற்றங்களைக் கலந்திருந்தது. எனவே, சில நூறு பேர் வாழும் ஊரில் மூன்று நான்கு பேரின் ஏற்ற இறக்கத்தைப் போக்கு என்று எழுதக் கூடாது.

மக்கள்தொகையைப் பார்க்கும்போது ஊரின் எல்லை மாறியதா, எல்லைக்குள் சிறைச்சாலை உண்டா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கைதிகள் அடைபட்டிருக்கும் இடத்திலேயே எண்ணப்படுகிறார்கள். அயோவாவின் அனமோசாவில், பெரும்பான்மையோர் கைதிகளாக இருந்த ஒரு வட்டத்தில், 2005இல் இரண்டே வாக்குகள் பெற்ற ஒருவர் நகர்மன்ற உறுப்பினரானார். இத்தகைய ஊர்களில் இனவாரி விகிதமும் தனிநபர் வருமானமும் திரிந்தே தெரியும். குடும்ப வருமானக் கணக்கில் கைதிகள் சேர்வதில்லை என்பதால், அதையே எடுத்துக்கொள்வது நல்லது.

வருமானத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். வருமான விவரம் முழுக் கணக்கெடுப்பிலிருந்து வருவதில்லை. அமெரிக்கச் சமூக ஆய்வு என்னும் மாதிரி ஆய்விலிருந்து வருகிறது. 65,000 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு, ஐந்து ஆண்டுகளின் மாதிரிகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஐந்தாண்டுத் தொகுப்பையே நம்ப வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை நிறையச் சோறு இருக்கும்போது பொருந்தும். நாற்பது வீடுகளே உள்ள ஊரில், எந்த வீடுகள் மாதிரியில் விழுந்தன என்பதே முடிவைப் புரட்டிவிடும். அதனால்தான் ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில், உண்மை எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று காட்டும் பிழை வரம்பும் அச்சிடப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, ஓர் ஊரின் இடைநிலைக் குடும்ப வருமானம் (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேலும் பாதிக் குடும்பங்கள் இதற்குக் கீழும் பெறும் அளவு) 2014–2018 தொகுப்பில் 42,000 டாலர், பிழை வரம்பு 7,000. 2019–2023 தொகுப்பில் 48,000, பிழை வரம்பு 9,000 என்று வைத்துக்கொள்வோம். இரு பிழை வரம்புகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் ஏறத்தாழ 11,400 வரும். வேறுபாடு 6,000 மட்டுமே என்பதால், வருமானம் உயர்ந்ததாகச் சொல்ல இடமில்லை. விலைவாசி உயர்வைச் சரிசெய்தால் வேறுபாடு இன்னும் சுருங்கும். ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இரு தொகுப்புகளை ஒப்பிடவே வேண்டாம்.

இனவாரி விவரத்தில், ஹிஸ்பானிக் வம்சாவளி, அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தோரா என்பது, தனிக் கேள்வி என்பதை மறக்கக் கூடாது. ஹிஸ்பானிக் ஒருவர் எந்த இனத்தவராகவும் இருக்கலாம் என்பதால், இரண்டையும் இணைத்துக் காட்டும் அட்டவணையையே எடுங்கள். பல இனத்தவர் என்று பதிவானோர் நாடு முழுவதும் 2010இல் 90 லட்சம், 2020இல் 3.38 கோடி. இதில் பெரும்பகுதி கேள்வி வடிவமும் விடைகளை வகைப்படுத்தும் முறையும் மாறியதால் வந்தது.

உண்மையான மாற்றம் வேறு விதமாகத் தெரியும். நெப்ராஸ்காவின் லெக்சிங்டனில் 1990இல் 6,601 பேர் இருந்தனர். அவ்வாண்டு பெரிய இறைச்சித் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. 2000இல் 10,011 பேர், அவர்களில் பாதிக்கு மேல் ஹிஸ்பானிக் மக்கள். எண்ணுக்குப் பின்னால் வேலையும் வந்து குடியேறிய குடும்பங்களும் இருந்தன. உங்கள் ஊரின் எண்ணுக்கும் அப்படியொரு காரணம் இருக்கிறதா என்று பள்ளிச் சேர்க்கைப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பதிவு ஆண்டுதோறும் கிடைக்கும், மாதிரியைச் சார்ந்ததும் அன்று.