காயலாங்கடை இரும்பை இனங்கண்டு பயன்படுத்துவது எப்படி

காயலாங்கடையில் எடைக்கு வாங்கிய தண்டும் தகடும் எந்தச் சான்றிதழோடும் வருவதில்லை. அதை அறுப்பதற்கும் வெல்டிங் செய்வதற்கும் முன்பு, அது வார்ப்பிரும்பா எஃகா என்பதையும், எஃகு என்றால் அதில் கார்பன் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். கார்பன் 0.25 சதவீதம் வரை இருந்தால் அது மைல்டு ஸ்டீல், 0.3 முதல் 0.6 வரை நடுத்தரக் கார்பன் எஃகு. அதற்கு மேல் உயர்கார்பன் எஃகு. இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பு வகையைச் சேர்ந்துவிடும். நடைமுறையில் வார்ப்பிரும்புகளில் 2.5 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கும்.

முதலில் அந்தத் துண்டு முன்பு என்ன வேலை செய்தது என்று பாருங்கள். மோட்டார் உறை, பம்ப் உறை, லேத் படுக்கை, பிரேக் டிரம் ஆகியவை பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பு. மணல் அச்சின் சொரசொரப்பும், அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடும் வார்ப்படத்தைக் காட்டிக்கொடுக்கும். எஃகையும் அச்சில் வார்ப்பதுண்டு என்பதால் அத்தோடு நின்றுவிடாமல், ஓரத்தில் உளியை வைத்து அடித்துப் பாருங்கள். மைல்டு ஸ்டீல் சுருண்டு வரும். சாம்பல் வார்ப்பிரும்பு பொடிந்து உதிரும். துளையிட்டால் வரும் தூள் விரலில் கறுப்பாக ஒட்டும், ஏனெனில் அதிலுள்ள கார்பனில் பெரும்பகுதி தட்டையான கிராஃபைட் இழைகளாகப் பிரிந்து கிடக்கிறது. அந்த இழைகளே அதிர்வை விழுங்குகின்றன; இழுவிசையில் விரிசல் தொடங்கும் இடமாகவும் அவையே அமைகின்றன. அமுக்குவிசையை இழுவிசையைப் போல மூன்று, நான்கு மடங்கு தாங்கும் இந்த இரும்பு இயந்திரப் படுக்கைக்கு மிகப் பொருத்தமானது. கொக்கிக்கோ நெம்புகோலுக்கோ அதைப் பயன்படுத்தவே கூடாது.

உருகிய இரும்பில் சிறிதளவு மெக்னீசியம் சேர்த்தால் கிராஃபைட் உருண்டைகளாக மாறும். அதுவே எஸ்.ஜி. அயர்ன். இதன் 400/15 தரம் 400 நியூட்டன்/ச.மி.மீ. இழுவலிமையும், உடையும் முன் 15 சதவீத நீட்சியும் கொண்டது. கிராங்க் ஷாஃப்ட், குடிநீர்க் குழாய், சாலை மூடி எல்லாம் இதில் வருகின்றன. இரண்டையும் பிரித்தறிய, துண்டைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டுங்கள்: எஸ்.ஜி. அயர்ன் எஃகைப் போல மணியோசை எழுப்பும், சாம்பல் இரும்பின் ஓசை மங்கி உடனே அடங்கும். அரம் வழுக்கி, உடைந்த முகம் வெண்மையாக இருந்தால் அது வெள்ளை வார்ப்பிரும்பு. ஆலைகளின் அரைக்கும் உருண்டைகளுக்கு உதவும், சாதாரணப் பட்டறையில் அதை வைத்து ஒன்றும் செய்ய இயலாது.

எஃகு என்று உறுதியான பின் சாணைச் சக்கரம் பொருத்திய கிரைண்டரில் தேய்த்து, எழும் தீப்பொறியைப் பாருங்கள். கண்ணாடி அணிந்து, நிழலான இடத்தில், சுத்தம் செய்த சக்கரத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். முன்பு தேய்த்த உலோகத்தின் துகள் சக்கரத்தில் ஒட்டியிருந்தால் பொறி ஏமாற்றும். மைல்டு ஸ்டீலின் பொறி நீண்ட கோடுகளாக, சில கிளைகளோடு ஓடும். கார்பன் ஏற ஏறக் கோடுகள் குறுகி, பூப்போல் வெடிப்புகள் பெருகும். டிரில் பிட் போன்ற வெட்டுக் கருவிகள் செய்யும் ஹை ஸ்பீடு ஸ்டீலில் பொறி மங்கிய சிவப்பாக, ஏறக்குறைய வெடிப்பின்றி இருக்கும். பொறியைப் படம் பார்த்துக் கற்பதை விட, ஒரு மைல்டு ஸ்டீல் பட்டை, ஒரு பழைய அரம், ஒரு வார்ப்பிரும்புத் துண்டு ஆகியவற்றை அருகில் வைத்து ஒப்பிடுவதே நம்பத்தக்கது.

பொறியில் ஐயம் எழுந்தால் கடினமாக்கிப் பாருங்கள். மெல்லிய ஒரு துண்டைக் காந்தம் பிடிக்காத நிலை வரை, அதாவது சுமார் 770 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேல் வரை, காய்ச்சி, சட்டென்று குளிரும்படி எண்ணெயில் அமிழ்த்தித் துவையுங்கள். பின்னர் அரம் அதில் வழுக்கினால் கார்பன் போதுமான அளவு இருக்கிறது. வழக்கம்போல் அராவினால் மைல்டு ஸ்டீல்தான் என்று கொள்ளலாம். கொல்லர்கள் அரிவாளுக்கு லாரியின் வில்பட்டையைத் தேடுவதற்குக் காரணம், அந்த வில் எஃகு துவைச்சலை நன்றாக ஏற்பதே.

பயன்பாட்டைப் பொறுத்தவரை, கதவு, கிரில், ஆங்கிள் சட்டத்துக்கு 250 நியூட்டன்/ச.மி.மீ. நெகிழ்வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு) கொண்ட சாதாரணக் கட்டுமான எஃகு போதும். சுழலும் தண்டுக்கும், அதில் சக்கரத்தைப் பூட்டும் சாவிக்கும் நடுத்தரக் கார்பன் எஃகுத் தரமான இ.என்.8, அதிகச் சுமை தாங்கும் பல்சக்கரத்துக்கு நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த இ.என்.24, பேரிங்குக்கும் துளையடிக்கும் பஞ்சுக்கும் (punch) உயர்கார்பன் குரோமியம் எஃகான இ.என்.31 என்பது பட்டறை வழக்கம். முறுக்குக் கம்பியைக் கடைந்து தண்டாக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதன் கடினமான வெளிப்புறம்தான் முதலில் சீவப்பட்டுப் போகும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதன் தர எண்களில் 304, 202 இரண்டுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது. வளைத்த ஓரங்களில் 304 கூடச் சற்று ஒட்டலாம். 430 நன்றாகவே ஒட்டும், ஆனாலும் அதுவும் ஸ்டெயின்லெஸ்தான். கடற்கரைக்கு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316 வேண்டும். காந்தத்தில் ஒட்டாத, ஆனால் துருப்பிடித்திருக்கும் கனத்த துண்டு கிடைத்தால் அது மாங்கனீசு எஃகாக இருக்கலாம். 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் உருவாக்கிய இது, அடிபடும்போது மேற்பரப்பில் மேலும் இறுகும் என்பதால் கல் உடைக்கும் தாடைக்கும் ரயில் பாதைச் சந்திப்புக்கும் ஏற்றது. துளையிட முயன்றால் டிரில் பிட்தான் மழுங்கும்.

வெல்டிங்கில் இ.என்.8-ஐயும் அதைவிடக் கார்பனோ கலப்போ கூடியவற்றையும் முன்கூட்டியே சூடாக்க வேண்டும். சாம்பல் வார்ப்பிரும்பில் நிக்கல் ராடு கொண்டு ஓர் அங்குல நீளத்துக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் வைத்து, உடனே லேசாகத் தட்டி, முடிந்ததும் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுங்கள். பளு தூக்கும் கொக்கி, ஜாக்கி, வண்டியின் ஸ்டீயரிங் உறுப்பு போன்றவற்றுக்கு இந்தப் பட்டறைச் சோதனைகள் எதுவும் போதா. சமமாகத் தேய்த்த சிறு துண்டை ஆய்வகத்தில், அதில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்குக் கொடுத்து, முடிவு கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.