பபிள் நேரத்து ஆல்-இன்: கால் பண்ணலாமா, ஃபோல்ட் பண்ணலாமா?

சத்துவாச்சாரியில் நண்பன் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒருமுறை போக்கர் டோர்னமென்ட் வைக்கிறோம். காசு கிடையாது, காசு வைக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி. ஜெயித்தால் புள்ளி மட்டும்: முதல் இடத்துக்கு 50, இரண்டாவதுக்கு 30, மூன்றாவதுக்கு 20. நாலாவது இடத்தில் முடிப்பவருக்கு ஒன்றுமில்லை. ஆக, நாலு பேர் மிஞ்சியதும் பபிள் (அடுத்து வெளியேறுபவர் மட்டும் வெறுங்கையோடு போகும் கட்டம்) ஆரம்பம், கூடவே வாக்குவாதமும் ஆரம்பம்: "இன்னா மச்சான், கிங்-குயினை கையில வச்சினு ஃபோல்ட் பண்றே?"

ஃபோல்ட் பண்ணியது (சீட்டைக் கைவிட்டு விலகியது) சரிதான். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன் இருவர் கட்டாயமாக வைக்கும் சிப்: சின்னது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட்), ஸ்டாக் (ஒருவரிடம் உள்ள சிப்), பாட் (நடுவில் சேரும் சிப்) இவ்வளவு தெரிந்தால் போதும்.

படி 1: சிப் கணக்கு

நாலு பேரிடமும் தலைக்கு 5,000 சிப். பிளைண்ட் 200/400. நீங்கள் பிக் பிளைண்ட். இரண்டு பேர் ஃபோல்ட், ஸ்மால் பிளைண்டில் இருப்பவர் ஆல்-இன், அதாவது தன் சிப் எல்லாவற்றையும் வைக்கிறார். கால் பண்ண (அவருக்கு ஈடாக வைக்க) நீங்கள் இன்னும் 4,600 போட வேண்டும், ஜெயித்தால் 10,000 வரும். 4,600-ஐ 10,000-ஆல் வகுத்தால் 46 சதவீதம். சிப்பை மட்டும் பார்த்தால் 46 சதவீத வாய்ப்பு உள்ள எந்தக் கையோடும் கால் பண்ணலாம். பெரும்பாலோர் இந்த இடத்திலேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

படி 2: சிப்பைப் புள்ளியாக மாற்றுவது

சிப்பை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, புள்ளியைத்தான் எடுத்துப் போகிறோம். சிப் இரண்டு மடங்கானால் புள்ளியும் இரண்டு மடங்காகாது. இதை அளக்கும் முறைக்கு ஐசிஎம் (இண்டிபெண்டன்ட் சிப் மாடல்) என்று பெயர். பல பேர் கலந்துகொள்ளும் போட்டிகளில் யார் எந்த இடத்தில் வருவார் என்பதற்கு புள்ளியியலாளர் டேவிட் ஹார்வில் 1973-ல் ஒரு சூத்திரம் கொடுத்தார். அதை 1987-ல் போக்கர் எழுத்தாளர் மேசன் மால்முத் போக்கருக்குக் கொண்டுவந்தார்.

கையாலேயே போட்டுப் பார்ப்போம். கால் பண்ணி ஜெயித்தீர்கள்: உங்களிடம் 10,000, மற்ற இருவரிடம் தலைக்கு 5,000. மொத்தம் 20,000-ல் பாதி உங்களுடையது, எனவே முதலிடத்துக்கான வாய்ப்பு 1/2. இன்னொருவர் முதலிடம் எடுத்தால் (வாய்ப்பு 1/4) மீதி 15,000-ல் 10,000 உங்களுடையது, அதாவது 2/3. அப்படி இருவர் இருப்பதால் இரண்டாமிடத்துக்கு 1/3. மிச்சம் 1/6 மூன்றாமிடம். புள்ளியில் 25 + 10 + 3.33 = 38.33.

தோற்றால் நாலாவது இடம், பூஜ்யம்.

மூன்றாவது எண்ணைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: ஃபோல்ட் பண்ணினால் என்ன கிடைக்கும்? "ஃபோல்ட்டுன்னா ஒண்ணும் இல்லியே" என்பார்கள். அப்படியில்லை. 400 போனாலும் கையில் 4,600 இருக்கிறது. எதிராளியிடம் 5,400, மற்றவர்களிடம் தலைக்கு 5,000. அதே முறையில் போட்டால் உங்கள் பங்கு 23.68 புள்ளி. சும்மா உட்கார்ந்திருப்பதன் விலை அது. அதைப் பணயம் வைத்துத்தான் கால் பண்ணுகிறீர்கள்.

23.68-ஐ 38.33-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 62 சதவீதம். 46 எங்கே, 62 எங்கே!

படி 3: உங்கள் கை தேறுமா?

எதிராளி எந்த இரண்டு சீட்டு வந்தாலும் தள்ளுகிறார் (ஆல்-இன் போகிறார்) என்றே வையுங்கள். அவருக்கு எதிராக சூட் (சீட்டின் இனம்) சேராத ஏஸ்-ஜாக்குக்கு 63 சதவீதம் சொச்சம், ஆறு ஜோடிக்கும் (6-6) 63 சொச்சம். இரண்டும் தேறும். கிங்-குயின் வேறு வேறு சூட்டாக இருந்தால் 61 சொச்சம், ஐந்து ஜோடிக்கு (5-5) 60. தேறாது. எதிராளி பார்த்துப் பார்த்துத் தள்ளுபவர் என்றால் உங்கள் சதவீதம் இன்னும் இறங்கும். குயின் ஜோடிக்கு எதிரே சூட் சேராத ஏஸ்-கிங்குக்கே 43 சதவீதம்தான்.

மேஜையில் சின்ன ஸ்டாக் இருந்தால்

உங்களுக்கும் தள்ளியவருக்கும் அதே 5,000. ஆனால் மற்ற இருவரில் ஒருவரிடம் 9,000, இன்னொருவரிடம் வெறும் 1,000. இப்போது ஃபோல்ட் 27.24 புள்ளி, கால் பண்ணி ஜெயித்தால் 39.35. தேவை 69 சதவீதம். ஒரே சூட் ஏஸ்-கிங் எந்த இரண்டு சீட்டுக்கும் எதிராக 67 சதவீதம். அதையும் ஃபோல்ட் பண்ணிவிட வேண்டியதுதான். ஒன்பது ஜோடி (9-9, 72 சதவீதம்) இருந்தால் கால். அந்த 1,000 வைத்திருப்பவர் உங்களுக்கு முன்னால் வெளியேற நிறைய வாய்ப்பு இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்களே பெரிய ஸ்டாக் என்றால்

இங்கே சூத்திரம் மாறும். தோற்றாலும் நீங்கள் மேஜையில் இருப்பீர்கள், தோல்வியின் மதிப்பு பூஜ்யம் இல்லை. எனவே: (ஃபோல்ட் − தோல்வி) ÷ (வெற்றி − தோல்வி).

உங்களிடம் 10,000, தள்ளியவரிடம் 2,000, மற்றவர்களிடம் தலைக்கு 4,000. ஃபோல்ட் 36.38, தோற்றால் 33, ஜெயித்தால் 41. 3.38-ஐ 8-ஆல் வகுத்தால் 42 சதவீதம். சிப் கணக்கில் 40. வித்தியாசம் சொற்பம், தாராளமாகக் கால் பண்ணலாம். பபிளில் பயப்பட வேண்டியது நடுத்தர ஸ்டாக்தான்.

எதில் கணக்குப் போடுவது?

கைக்கும் ரேஞ்சுக்கும் (எதிராளியிடம் இருக்கக்கூடிய கைகளின் தொகுப்பு) ஈக்விலேப் என்ற மென்பொருள் இலவசம், அது போதும். ஐசிஎம்முக்கு எக்செலில் நீங்களே சூத்திரம் எழுதுங்கள் என்பதுதான் என் கட்சி. ரெடிமேட் மென்பொருள் விடையைத் தரும், ஆனால் அந்த 23.68 எங்கிருந்து வந்தது என்று மனதில் பதியாது. எதுவானாலும் ஆட்டம் முடிந்த பிறகுதான். மேஜையில் போனை எடுப்பது முறையில்லை.

பின்சேர்க்கை: காட்பாடி நண்பர் ஒருவர் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்று, கையில் இரண்டு மூன்று பிக் பிளைண்ட்தான் மிச்சம் என்றாலும் இதே கணக்கா? அடுத்த சுற்றில் பிளைண்ட் உங்களைத் தின்னப்போவதை ஐசிஎம் பார்ப்பதில்லை. அந்த நிலையில் மேலே சொன்ன சதவீதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஒரே கையில் இருவர் வெளியேறினால் யாருக்கு மூன்றாமிடம்? அந்தக் கை ஆரம்பிக்கும்போது யாரிடம் சிப் அதிகமோ அவருக்கு. அதனால் சின்ன ஸ்டாக்கும் ஏற்கெனவே ஆல்-இன் போயிருந்தால், கால் பண்ணும் முன் அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.