சின்னக் கண்ணாடி வளையத்தில் ஒளியை ஒரு பக்கமாகச் சுற்ற வைப்பது: பைத்தான் செய்முறை

தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு லேசருக்கும் நுண்வளையத்துக்கும் எங்கே போக? பழைய லேப்டாப் போதும். வளையத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஒளியைச் செலுத்தினாலும் ஒரு பக்கம் ஜெயிப்பதை அதிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பைத்தானும், அதன் எண்கணக்குத் தொகுப்பான நம்பையும் (NumPy) நிறுவத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். இணையத்தில் ஓடும் கூகுள் கொலாப் வேண்டாம், எங்கள் தெருவில் நெட் போனால் கணக்கும் போகும்.

வளையத்துக்குள் ஒளி செறிந்தால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் மாறும். இது கெர் விளைவு. எதிர்ப்பக்கம் சுற்றும் ஒளி தரும் பாதிப்பு, தன் ஒளி தருவதைப் போல இரண்டு மடங்கு. அந்த 2-தான் முழு விளையாட்டும்.

1. வலஞ்சுழி ஒளி அ, இடஞ்சுழி ஒளி ஆ. இரண்டும் சிக்கலெண்கள்.

அ மாறும் வேகம் = (−1 + √−1 × (|அ|² + 2|ஆ|² − விலக்கம்)) × அ + உந்தல்

விலக்கம் என்பது லேசரின் அதிர்வெண் வளையத்தின் இயல்பு அதிர்வெண்ணிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. உந்தல் என்பது வெளியிலிருந்து செலுத்தும் ஒளி. ஆ-வுக்கு இடம் மாற்றி எழுதுங்கள். உந்தல் இரண்டுக்கும் 1.414. காலப்படி 0.01, ஆய்லர் முறையே போதும் (மாறும் வேகத்தைக் காலப்படியால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போவது).

2. விலக்கத்தை −3-இலிருந்து 3 வரை 600 அலகு நேரத்தில் மெதுவாக ஏற்றி, 3-இல் இன்னும் 100 அலகு ஓட விடுங்கள்.

3. நான் இரண்டு ராத்திரி மாட்டிக்கொண்ட இடம் இது. விலக்கம் 2-ஐத் தாண்டினால் அ, ஆ இரண்டின் சமநிலை உடைந்துபோக வேண்டும். எனக்கோ வரைபடத்தில் |அ|², |ஆ|² இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகவே போயின. ஒகேனக்கல் பரிசல் துடுப்பு லேசாகப் பட்டாலே ஒரு பக்கம் சுழலும். கணினிப் பரிசலில் அந்தத் துடுப்பே இல்லை. இரண்டு எண்ணும் கடைசி இலக்கம் வரை ஒன்று என்றால் எது ஜெயிக்கும்? சரி என்று தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம் இரைச்சல், அதாவது குருட்டாம்போக்கான சிறு எண்கள், சேர்த்தேன். விலக்கம் 2-ஐத் தொடுவதற்குள் அது தேய்ந்துபோனது. ஒவ்வொரு படியிலும் 0.0001 அளவு இரைச்சல் சேர்த்த பிறகுதான் பிரிந்தன: |அ|², |ஆ|² இரண்டில் ஒன்று 1.9, மற்றது 0.6. எது பெரிது என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும்.

4. திசையை நாம் முடிவு செய்ய, அ-வின் உந்தலை மட்டும் 1.43 ஆக்குங்கள். இனி எப்போதும் அ-தான்.

பின்சேர்க்கை: ஒருவர் விலக்கத்தை நேராக 5-இல் வைத்துவிட்டு, இரண்டும் 0.1-க்குக் கீழேயே படுத்துவிட்டன என்று எழுதியிருந்தார். அங்கே தாழ்ந்த நிலை ஒன்று தனியாக உண்டு. பூஜ்யத்திலிருந்து கிளம்பினால் அதில்தான் விழும். −3-இலிருந்தே ஏறி வாருங்கள்.