வேர்டு கோப்பை டெக்ஸ்ட் கோப்பாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கத்து டிடிபி கடைகளில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய வேர்டு கோப்புகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. அவற்றை அப்படியே டெக்ஸ்ட் கோப்பாகச் சேமிப்பதைத்தான் நான் முதல் தவறு என்பேன்.

பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் தரும் எழுத்துரு. திரையில் ‘தமிழ்’ என்று தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி. டெக்ஸ்ட் கோப்பில் எழுத்துரு பற்றிய தகவல் நிற்காது. போர்வை விலகியதும் ஆங்கில எழுத்துகள்தான் மிஞ்சும். சரி, பிறகு யூனிகோடு மாற்றியில் போட்டுக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் சிக்கல். இடையில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரி, நிறுவனப் பெயர் எல்லாம் சேர்ந்து பொருளில்லாத தமிழாகிவிடும். எது பாமினி, எது ஆங்கிலம் என்பது வேர்டு கோப்புக்கு மட்டுமே தெரியும். எனவே வேர்டிலேயே பாமினிப் பகுதிகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி, சரிபார்த்து, அதன் பிறகே டெக்ஸ்டாகச் சேமியுங்கள்.

யூனிகோடில் இருந்தால் மட்டும் போதாது. சேமிக்கும்போது வேர்டு ஒரு பெட்டியைத் திறந்து குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைக் கோப்பில் எண்களாகப் பதியும் முறையை, கேட்கும். பலர் அதைப் படிக்காமலேயே சரி என்று அழுத்திவிடுகிறார்கள். அந்தப் பெட்டியின் முன்னோட்டத்தில் சிவப்பாகத் தெரியும் எழுத்துகள் பிழைக்காது. ‘தமிழ்’ என்ற சொல் ஐந்து கேள்விக்குறிகளாகிவிடும். அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து எந்த மென்பொருளாலும் மூலத்தை மீட்க முடியாது. யூனிகோடு எழுத்துகளைப் பதியும் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய நோட்பேடிலும் ஆன்சி என்ற பழைய குறியாக்கம் இருப்பதை இப்படியே மாற்ற வேண்டும். 2019க்குப் பிந்தைய விண்டோஸ் 10 நோட்பேடில் யூடிஎஃப்-8தான் இயல்புநிலை.

அதே பெட்டியில் வரிமுறிவுகளைச் சேர்க்கும் தேர்வும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். தொட்டால் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகிவிடும். மறுபடி வேர்டுக்குக் கொண்டுவந்து பக்கம் அமைப்பவர் பாடு பெரும்பாடு.

கோப்புப் பெயரின் பின்னொட்டை மட்டும் மாற்றுவது மாற்றமே அல்ல. இப்போதைய வேர்டு கோப்பு, சுருக்கிக் கட்டிய பல கோப்புகளின் தொகுப்பு. நோட்பேடில் திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும்.

தடித்த எழுத்து, படம், அட்டவணைக் கோடுகள் ஆகியவை டெக்ஸ்டில் தங்காது. ஆகவே மூலக் கோப்பின் மேல் சேமிக்காமல் வேறு பெயரில் சேமியுங்கள். மூடிவிட்டு மீண்டும் திறந்து, முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அச்சகத்துக்கு அனுப்புங்கள்.